வயிற்றுவலி ஆராய்ச்சி

தலைமையாசிரியர் ஸ்தனிஸ்லாஸுக்குக் காலி பெஞ்சைக் கண்டால் ஆகாது. காலையில் பிரேயர் முடிந்ததும் வகுப்பு வகுப்பாகப் போய் வாசலில் நின்று பார்ப்பார். வராதவர்கள் மேல் வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வந்தவர்களைத் திட்டுவார்.

"ஏன்டா இத்தனை பேர் வரலை?" என்று முதல் பெஞ்சுப் பையனைக் கேட்பார். தான் வந்து தொலைத்ததுதான் குற்றம் என்பதுபோல அவன் தலையைக் குனிந்துகொள்வான். இப்படி நாலு நாள் திட்டு வாங்கினால் ஐந்தாம் நாள் அவனும் வரமாட்டான். தலைமையாசிரியருக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறும்.

மன்னார்புரத்தைத் தாண்டித் தெற்கே, முள்ளுக்காட்டுக்கு நடுவில் இருந்தது அந்த ஹைஸ்கூல். கட்டியவர் அமிர்தசாமி, மர வியாபாரி. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். அதனாலோ என்னவோ, தானே ஒரு பள்ளிக்கூடம் கட்டி அதற்குக் கரஸ்பாண்டென்ட் ஆகிவிட்டார். அந்தப் பக்கத்தில் பெண்களுக்கென்று தனி ஹைஸ்கூல் கிடையாது என்பதால் ஆணும் பெண்ணும் சேர்ந்தே படித்தார்கள்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். அடுத்த ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் நடக்கவிருந்த ஆசிரியர் மாநாட்டில் ஸ்தனிஸ்லாஸ் ஒரு கட்டுரை படிக்க வேண்டும். தலைப்பு, 'மாணவர் ஏன் பள்ளிக்கு வருவதில்லை?' அதற்காக ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். காரணம் இன்னதென்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததால் ஆராய்ச்சி சுலபமாக இருந்தது. காரணம், சினிமா.

"நடவு நேரம்ங்க ஐயா. பயலுவ வயல்ல நிப்பானுங்க" என்றான் பியூன் வீரமலை.

"அது சாக்குடா. நான் கேக்கறது காரணம்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

குற்றவாளிகளைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஒரு நாள் வீரமலையை அழைத்துக்கொண்டு டவுனில் ஒரு கொட்டகைக்கு மாட்னி ஆட்டத்துக்குப் போனார். இருட்டில் முகம் தெரியவில்லை. இடைவேளையில் விளக்குப் போட்டபோது அகப்பட்டவர் டிராயிங் மாஸ்டர் ஒருவர்தான். உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லியிருந்த அவர், நாற்காலிக்கு அடியில் விழுந்த எதையோ வெகு நேரம் தேடினார். இடைவேளைக்குப் பிறகு பையன்கள் யாராவது வரக்கூடும் என்று தலைமையாசிரியர் படம் முடியும்வரை காத்திருந்தார். பிரிந்துபோன தாயும் மகனும் கட்டிக்கொள்ளும் இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை வீரமலை யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாள் பள்ளிக்கூடம் பூராவும் தெரிந்திருந்தது.

பையன்கள் விஷயம் இப்படி முடிந்தது. பெண்கள் விஷயம்தான் பிடிபடவில்லை. கடைசி இரண்டு வகுப்புகளான ஐந்தாம் பாரத்திலும் ஆறாம் பாரத்திலும் இருந்த பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப் பேர் முறை வைத்துக்கொண்டதுபோல மாறி மாறி வராமல் இருந்தார்கள். யாரைக் கேட்டாலும் ஒரே பதில், "வயித்து வலி சார்."

கணக்கு டீச்சர் அற்புதம்மாள்தான் அங்கே இருந்த ஒரே பெண் ஆசிரியை. நாற்பது வயது. அவர் சாக்பீஸைக் கையில் எடுத்தாலே வகுப்பு மூச்சை அடக்கிக்கொள்ளும்.

"நான் வாரப் பரீட்சை வைக்கிறேன் இல்லையா சார், அதான் வயித்து வலி" என்றார் அவர் தலைமையாசிரியரிடம். மாதாமாதம் ஒரு நாள் அவரும் வயிற்றுவலி என்று சொல்லித்தான் லீவு எடுத்தார். தன் வயிற்றுவலி நிஜம், அவர்களுடையது பாசாங்கு என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

அந்தச் சமயத்தில் ரெங்கம்மாள் வராமல் நின்றுவிட்டாள். ஐந்தாம் பாரம்; கணக்கில் முதல். அற்புதம்மாள் கடிந்து பேசாத ஒரே மாணவி. ஒரு வாரம் போய் இன்னொரு வாரமும் பாதி கழிந்தது. 'என் கணக்குக்கு இவளுமா பயந்துவிட்டாள்?' என்ற ஆத்திரத்தில், சனிக்கிழமை காலையில் அற்புதம்மாள் விராலிமலை ரோட்டில் பஸ் ஏறிப் போய், இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து, ரெங்கம்மாளின் ஊருக்கே போய்விட்டார்.

வீட்டு வாசலில் ரெங்கம்மாளின் தாய் மாரியாயி கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் ரெங்கம்மாள் உள்ளே ஓடிவிட்டாள்.

"பரீட்சைக்குப் பயந்துக்கிட்டு உக்காந்திருக்காளா?" என்றார் அற்புதம்மாள், நின்றபடியே.

"கணக்குக்கா? அதைத்தான் போட்டுக்கிட்டே கெடக்குறா. சொவத்துல கூட எழுதி வச்சிருக்கா, பாருங்க."

"பின்னே ஏன் அனுப்பலை?"

மாரியாயி முறத்தைக் கீழே வைத்தாள். "டீச்சரம்மா, நீங்களும் பொம்பளைங்கறதால கேக்குறேன். உங்க பள்ளிக்கூடத்துல பொட்டப் புள்ளைங்க எங்க ஒதுங்குது?"

அதுவரை நின்றிருந்த அற்புதம்மாள் திண்ணையில் உட்கார்ந்தார்.

"காலையில கெளம்புனா பொழுது சாயத்தான் திரும்புது. தண்ணியே குடிக்கமாட்டேங்குது. குடிச்சா எங்க போறது? வந்ததும் வராததுமா பானையைத் தூக்கிக் கவுத்துக்கும். சரி, மத்த நாளை அப்படி ஓட்டிடுது. மாசத்துல அந்த மூணு நாளுக்கு என்ன பண்ணும்? போன தடவை துணி மாத்த எடமில்லாம பாவாடையெல்லாம் கறையாயிடுச்சு. பசங்க பாத்துட்டுச் சிரிச்சிருக்கானுவ. பையைப் பின்னால வச்சு மறைச்சுக்கிட்டே அம்புட்டுத் தூரமும் நடந்து வந்துச்சு. அன்னைக்கு நின்னதுதான்."

"அந்த நாள்ல நீங்கதான் வெளியே விடறதில்லையோன்னு நினைச்சேன்."

"எங்களுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமாங்க? இவ தூரமாயிட்டான்னு நாத்து காத்துக்கிட்டு நிக்குமா? நான் அந்த நாள்லயும் நடவுக்குப் போறவ. வயக்காட்டுல வரப்பு மறைவு இருக்கு, வாய்க்கால்ல தண்ணி இருக்கு. உங்க பள்ளிக்கூடத்துல இங்கிலீசு இருக்கு. வேற என்ன இருக்கு?" மாரியாயி ஒரு கை கடலையை எடுத்து டீச்சரிடம் நீட்டினாள். "ஆமா, நீங்க எங்க போவீங்க?"

அற்புதம்மாளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் ரோசரி என்று ஒரு சிநேகிதி இருந்தாள். தினமும் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் அற்புதம்மாள் குடையை விரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் வருவார். ஆண் ஆசிரியர்களும் பையன்களும் முள்ளுக்காட்டுக்குப் போனார்கள். அங்கே எந்தப் புதர் யாருக்கு என்பது சீனியாரிட்டிப்படி ஏற்பட்டிருந்தது. பெண்கள் எங்கே போனார்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அற்புதம்மாள் யோசித்ததில்லை. மாரியாயியிடம் ரோசரி வீட்டைப் பற்றிச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"திங்கக்கிழமையிலேர்ந்து அனுப்புங்க. நான் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை ரெங்கம்மாள் வந்தாள். மத்தியானம் அவளையும் குடைக்குள் சேர்த்துக்கொண்டு அற்புதம்மாள் ரோசரி வீட்டுக்குப் போனார்.

"ஒரு பொண்ணுன்னா சரி. ஸ்கூலையே கூட்டிக்கிட்டு வந்துடாதேடி" என்றாள் ரோசரி.

அன்று சாயங்காலமே அற்புதம்மாள் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். ஸ்தனிஸ்லாஸ் கட்டுரையில் மூழ்கியிருந்தார்.

"பொண்ணுங்க ஏன் வரலைன்னு தெரிஞ்சுபோச்சு சார். ஒதுங்க இடம் இல்லை."

"ஏன், வராந்தா இவ்வளவு நீளம் இருக்கே? மழை பெஞ்சா தாராளமா ஒதுங்கலாமே!"

"மழைக்கு இல்லைங்க சார்."

"வெயிலுக்கும் அதே வராந்தாதானே டீச்சர்?"

அற்புதம்மாள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். தலைமையாசிரியர் நிஜமாகவே புரியாமல் கேட்டாரா, புரிந்துவிடுமோ என்று பயந்து கேட்டாரா என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

ஒதுங்குவதற்கு இடமே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. கட்டடத்தின் கிழக்கு மூலையில், கிணற்றுக்குப் பக்கத்தில், இரண்டு அறை வைத்து ஒரு கக்கூஸ் இருந்தது. வெள்ளை ஓடு பதித்து, செப்டிக் டேங்க் வைத்து, முந்தின இன்ஸ்பெக்ஷனுக்காக அமிர்தசாமி கட்டியது. இன்ஸ்பெக்டர் வந்தார், எட்டிப் பார்த்தார், மெச்சினார், போய்விட்டார். அன்று வெளிக்கதவில் மாட்டிய பூட்டு இன்னும் தொங்கியது. சாவி தலைமையாசிரியரின் கோட்டுப் பையில் இருந்தது. கட்டிய நாள் முதல் இதுவரை யாரும் அதை அசுத்தப்படுத்தியதில்லை என்பது கரஸ்பாண்டென்ட்டுக்குப் பெரிய பெருமை.

வயிற்றுவலியை ஆராய டிசம்பரில் ஒரு கமிட்டி கூடியது. அமிர்தசாமி, ஸ்தனிஸ்லாஸ், பக்கத்தில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் இருதயநாதன், பெண்கள் சார்பில் அற்புதம்மாள். எந்த நோயும் வயிற்றில்தான் தொடங்குகிறது, எந்த வயிறும் கழுவினால்தான் சுத்தமாகும் என்பது டாக்டரின் சித்தாந்தம். சளிக்கு வந்தவனுக்கும் அவர் பேதிக்குத்தான் கொடுப்பார்.

"இது பூச்சி. சந்தேகமே வேண்டாம்" என்றார் டாக்டர், எந்தப் பெண்ணையும் பார்க்காமலே.

அற்புதம்மாள் இந்தத் தடவை மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தார். "பூச்சி இல்லைங்க. பொண்ணுங்களுக்குக் கக்கூஸ் இல்லை. அதான் வரமாட்டேங்கறாங்க."

அறையில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டதுபோல் இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்தனிஸ்லாஸ் மேலே மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை என்றாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். அமிர்தசாமி ஒருவர்தான் சிரித்தார்.

"அதான் கட்டியிருக்கேனேம்மா, பளிங்கு மாதிரி! ஜில்லாவுலேயே இந்த மாதிரி இல்லைன்னு இன்ஸ்பெக்டரே சொல்லிட்டுப் போனாரே."

"பூட்டியிருக்குங்களே."

"பூட்டலைன்னா உள்ளே போயிடுவாங்களேம்மா!"

"உள்ளே போகத்தானே கட்டினது?"

"அது இன்ஸ்பெக்ஷனுக்குக் கட்டினது" என்றார் அமிர்தசாமி, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. "இத்தனை புள்ளைங்க போனா அது என்னத்துக்கு ஆகும்? டாக்டர், நீங்க பூச்சியைப் பத்திச் சொல்லுங்க."

எல்லோருக்கும் உயிர் வந்தது. பூச்சி கௌரவமான விஷயம். நாலு பேர் நடுவில் பேசலாம், மாநாட்டில் படிக்கலாம். நாலு, ஐந்து, ஆறு என்று மூன்று பாரத்துப் பிள்ளைகளுக்கும் பூச்சி மருந்து கொடுத்து, அதன் மேல் விளக்கெண்ணெயும் கொடுப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அற்புதம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. ஏகமனதுக்கு அது இடைஞ்சலாகத் தெரியவில்லை.

மருந்துக்குக் குறித்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மாநாடும் அன்றுதான். 'சிகிச்சை இன்று காலை தொடங்கிவிட்டது' என்று மேடையில் சொன்னால் எடுப்பாக இருக்கும் என்பது ஸ்தனிஸ்லாஸின் யோசனை. முதல் மணி அடித்ததும் பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்தினார்கள். டாக்டர் பூச்சி மருந்தை ஊற்ற, வீரமலை அதன்மேல் விளக்கெண்ணெயை ஊற்ற, தலைமையாசிரியர் ஒவ்வொரு வாயாகத் திறக்கச் சொல்லி விழுங்கியாயிற்றா என்று பார்த்தார். துப்பப் பார்த்தவனுக்கு இன்னொரு கரண்டி கிடைத்தது. ரெங்கம்மாளும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

வாசலில் கரஸ்பாண்டென்ட்டின் கார் ஹாரன் அடித்தது. கமிட்டியின் ஆண்கள் மூவரும் ஸ்ரீரங்கம் போக வேண்டும். அற்புதம்மாள் கார் வரைக்கும் பின்னாலேயே ஓடினார்.

"சார், இன்னைக்கு ஒரு நாள் அந்தச் சாவியைக் குடுத்துட்டுப் போங்க!"

"திங்கக்கிழமை பேசிக்கலாம் டீச்சர்" என்றார் ஸ்தனிஸ்லாஸ், கோட்டின் பொத்தானைப் போட்டபடி.

கார் டவுனைக் கடந்து காவிரிப் பாலத்தில் ஏறியிருக்கும். இங்கே ஐந்தாம் பாரத்தில் அற்புதம்மாள் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தார். பின் பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். எதுவும் கேட்காமல் ஜன்னல் வழியாகக் குதித்தான். அவன் பின்னால் இன்னொருவன். அப்புறம் பெஞ்சு பெஞ்சாகக் குதித்தார்கள். பையன்களுக்கு முள்ளுக்காடு இருந்தது. சீனியாரிட்டியெல்லாம் அன்றைக்குக் காற்றில் பறந்தது.

பெண்கள் எழுந்திருக்கவில்லை. பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, வேர்த்து உட்கார்ந்திருந்தார்கள். ரெங்கம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள். அழவில்லை; பார்த்தாள், அவ்வளவுதான்.

அற்புதம்மாள் சாக்பீஸை வீசிவிட்டு வெளியே வந்தார். பள்ளிக்கூடத்து மணி என்பது மரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிக்கிற இரும்புச் சுத்தி கீழே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கிழக்கு மூலைக்கு நடந்தார்.

"டீச்சர், டீச்சர், வேணாம்! என் வேலை போயிடும்!" என்று வீரமலை பின்னாலேயே வந்தான்.

"உன் வேலை தண்ணி இறைக்கிறது. போ, கிணத்துக்குப் போ!"

முதல் அடியில் பூட்டு அசையவில்லை. இரண்டாம் அடி அவர் கைவிரலைப் பதம் பார்த்தது. அதற்குப் பிறகு எத்தனை அடி அடித்தார் என்று அவருக்கே தெரியாது. கமிட்டி, மின்விசிறி, வராந்தா எல்லாவற்றையும் சேர்த்து அடித்தார். பூட்டு கடைசிவரை உடையவில்லை. நாதாங்கி நிலையிலிருந்து பெயர்ந்து விழுந்தது. உள்ளே வெள்ளை ஓட்டின் மேல் ஒரு பல்லி செத்துக் காய்ந்திருந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டு, "வாங்கடி!" என்று கத்தினார்.

இரண்டு அறை போதவில்லை. நிற்க முடியாதவர்களை அழைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினார். ரோசரி வாசலில் நின்று வருகிற கூட்டத்தைப் பார்த்தாள். "ஸ்கூலையே கூட்டிட்டு வராதேன்னேனே, பாவி" என்று சொல்லிக்கொண்டே கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக் கதவையும் அவளே போய்த் தட்டினாள். வீரமலை கை தோல் உரியும்வரை தண்ணீர் இறைத்தான்.

அதே நேரத்தில் ஸ்ரீரங்கத்தில், சினிமா, அரசியல், காபி ஆகிய தீமைகள் மாணவர்களை எப்படிக் கெடுக்கின்றன என்று ஸ்தனிஸ்லாஸ் படித்துக்கொண்டிருந்தார். நல்ல கைதட்டல்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இல்லை. எல்லாப் பெஞ்சும் காலி. தலைமையாசிரியர் அன்று யாரையும் திட்டவில்லை. திட்ட ஆள் இல்லை. பதினோரு மணிக்கு மேல் பெற்றோர்கள் வந்தார்கள். அப்பாக்கள் ஓரமாக நின்றுகொண்டு அம்மாக்களைப் பேசவிட்டார்கள். மாரியாயி பேசின பேச்சில் டாக்டரின் வம்சத்தில் யாரும் மிஞ்சவில்லை. அமிர்தசாமி தன் ஸ்கூலிலிருந்து பின் மதில் வழியாக வெளியேறினார்.

அவர்கள் போனதும், பள்ளிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக அற்புதம்மாளுக்கு மெமோ வந்தது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாகக் கரஸ்பாண்டென்ட் சொல்லியனுப்பினார்.

"தாராளமா கேக்கறேன்" என்றார் அற்புதம்மாள், விரலில் கட்டோடு. "மறுபடி பூட்டினா மறுபடி உடைச்சிட்டு மறுபடி வந்து மன்னிப்புக் கேக்கறேன்."

கதவைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்று முடிவாகும்வரை ஆசாரியைக் கூப்பிடக் கூடாது என்று அமிர்தசாமி உத்தரவு போட்டார். அது முடிவாகவே இல்லை. கதவு பூட்டில்லாமல் கிடந்தது. உள்பக்கம் போட்டுக்கொள்ள வீரமலை இரண்டு கொக்கி அடித்துக் கொடுத்தான். வாரம் திரும்புவதற்குள் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். மாசி பிறந்தபோது பெண்கள் பக்கத்துப் பெஞ்சு நிரம்பிவிட்டது. ரெங்கம்மாள் வகுப்பு நேரத்திலேயே தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

"பார்த்தீங்களா? பூச்சி போயிடுச்சு" என்றார் டாக்டர்.

ஸ்தனிஸ்லாஸுக்குப் புல்லரித்தது. சினிமாவை விட்டுவிட்டுப் பூச்சியைப் பிடித்துக்கொண்டார்.

பங்குனியில் இன்ஸ்பெக்டர் வந்தார். கக்கூஸ் பக்கம் வரவில்லை. அதைத்தான் போன தடவையே பார்த்துவிட்டாரே. பெண்கள் இவ்வளவு பேர் ஒழுங்காக வருவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். தலைமையாசிரியர் பூச்சி மருந்தின் மகிமையை எடுத்துரைத்தார். இன்ஸ்பெக்டர் அற்புதம்மாள் பக்கம் திரும்பினார்.

"பொண்ணுங்க சமாசாரம் உங்களுக்குத்தான் தெரியும். பூச்சிதானா?"

அமிர்தசாமி அற்புதம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் கதவு திறந்துகிடப்பது வெளியே வரும். நாளைக் காலையிலேயே ஆசாரி வந்து நிற்பான். இப்போதுதான் வரத் தொடங்கிய பெண்கள் மறுபடி வீட்டோடு நின்றுவிடுவார்கள்.

"ஆமாங்க சார், பூச்சிதான்" என்றார் அற்புதம்மாள்.

மறு வருஷ மாநாடும் ஸ்ரீரங்கத்தில் அதே மண்டபத்தில்தான் நடந்தது. இந்தத் தடவை ஸ்தனிஸ்லாஸ் வெறும் பேச்சாளர் அல்ல. பொன்னாடை போர்த்தி முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கட்டுரை, 'குடற்புழுவும் கல்வியும்'. அற்புதம்மாள் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் பேட்ரிசியா என்று ஓர் இளம் டீச்சர், துறையூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து வந்தவள்.

"நீங்க அந்த ஸ்கூலா?" என்றாள் பேட்ரிசியா மெல்ல. "எங்களுக்கும் போன மாசம் இன்ஸ்பெக்டர் ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வந்து பூச்சி மருந்து குடுத்தாங்க."

"என்னாச்சு?"

"பச்சைமலையிலேர்ந்து இறங்கி வந்து படிக்கிற பொண்ணுங்க நாலஞ்சு பேர் இருந்தாங்க டீச்சர். பஸ் கிடையாது, நடந்துதான் வருவாங்க. அன்னைக்கு அழுதுக்கிட்டே மலையேறிப் போனவங்கதான். திரும்ப இறங்கலை."

"கக்கூஸ் பூட்டியிருந்துச்சா?"

"இருந்தாத்தானே பூட்டறதுக்கு" என்றாள் பேட்ரிசியா. "உங்க ஸ்கூல்ல மட்டும் எப்படி டீச்சர் பலிச்சுது?"

அற்புதம்மாள் அவளை வெளியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார். சாவி, சுத்தி, நாதாங்கி, இன்ஸ்பெக்டர் கேட்டது, தான் சொன்னது, ஒன்று விடாமல். பேட்ரிசியா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப, பூச்சின்னு சொன்னது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அற்புதம்மாளும் பின்னாலேயே உள்ளே போனார். யாராவது சந்தேகம் கேட்கலாம் என்று தலைவர் சொன்னபோது எழுந்து நின்றார்.

"நான் அந்த ஸ்கூல் கணக்கு டீச்சர். பூச்சின்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னது நான்தான். அது பொய். மருந்து குடுத்ததுக்கு அப்புறம் திங்கக்கிழமை ஒரு பொண்ணும் வரலை. பூட்டியிருந்த கக்கூஸ் கதவை உடைச்சுத் திறந்தோம், அப்புறம்தான் வந்தாங்க. மத்த ஸ்கூல்ல மருந்தை நிறுத்திட்டு முதல்ல கக்கூஸ் கட்டுங்க. கட்டினதைப் பூட்டாதீங்க."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். ஸ்தனிஸ்லாஸ் பொன்னாடையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். தலைவர் எழுந்து, "சகோதரியின் ஆர்வம் பாராட்டத்தக்கது. சந்தேகங்களைத் தலைப்புக்கு உட்பட்டுக் கேட்குமாறு வேண்டுகிறேன். இப்போது காபி இடைவேளை" என்றார்.

காபி குடிக்கும் இடத்தில் ஆண் ஆசிரியர்கள் யாரும் அற்புதம்மாள் பக்கம் வரவில்லை. பெண் டீச்சர்கள்தான் ஒவ்வொருவராக நகர்ந்து வந்தார்கள்.

"கதவு என்ன மரம் டீச்சர்?"

"பூட்டு உடைஞ்சுதா, நாதாங்கி பெயர்ந்துதா?"

"எங்க ஸ்கூல்ல இரும்புக் கதவா போட்டு வச்சிருக்காங்களே, அதுக்கு என்ன பண்றது?"

கடைசியில் பேட்ரிசியாவும் வந்தாள். முகம் இன்னும் தெளியவில்லை. "கீத்துத் தட்டி வச்சு நாலு பக்கமும் மறைச்சா போதுமா?" என்று கேட்டாள்.

"இப்போதைக்குப் போதும். ஒரு தொட்டியில தண்ணி இருக்கணும். நான் ஒரு சனிக்கிழமை வரேன், சேர்ந்து மலைக்குப் போய் அந்தப் பொண்ணுங்களைப் பார்ப்போம்."

"பஸ் இல்லைங்க டீச்சர். நடக்கணும்."

"நடக்கறேன்."

திங்கட்கிழமை, அவர் பயந்தபடியே, ஆசாரி வந்து புது நாதாங்கி அடித்தான். பழைய பூட்டைவிடப் பெரிய பூட்டு மாட்டப்பட்டது. ரெங்கம்மாள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். மறுநாள் காலையில் மாரியாயியும் இன்னும் சில பெண்களும் களைக்கொத்தோடு வந்து பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்தார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கரஸ்பாண்டென்ட்டின் கார் வந்தது, நின்றது, அப்படியே பின்வாங்கித் திரும்பிப் போனது. மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் வீரமலை சாவியைக் கொண்டுவந்து அற்புதம்மாளின் மேஜையில் வைத்தான்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்னு ஹெட்மாஸ்டர் ஐயா சொன்னாங்க. ஆனா பூட்டு மட்டும் தொங்கணுமாம். கரஸ்பாண்டென்ட் ஐயாவுக்கு மரியாதைக் குறைச்சலாப் போயிடுமாம்."

"தொங்கட்டும்" என்றார் அற்புதம்மாள். சாவியை ஆறாம் பாரத்து ரெங்கம்மாளிடம் கொடுத்துப் போய்த் திறந்துவிட்டு வரச் சொன்னார்.